அஞ்சடியில் சைக்கிள் கூடாதாம்!

அஞ்சடியில் சைக்கிள் நிறுத்தக்கூடாது என்று ஒரு தோட்டத்தில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். பின் எங்கே நிறுத்துவது என்று கேட்கிறோம்.

சைக்கிளின் நீளம் ஏறக்குறைய 1.8 மீட்டர், கைப்பிடி அகலம் 60 சென்டிமீட்டர். ஒரு சதுர மீட்டரைத் தனியே விழுங்கிவிடும். 2020ஆம் ஆண்டு விதிகள், பெருங்கூடமல்லாத தொழிலாளர் தங்குமிடத்தில் ஓர் ஆளின் படுக்கைக்கு வகுத்த குறைந்த அளவே 3.6 சதுர மீட்டர்தான். லயத்து வீட்டுக்குள் ஏற்றினால் வாசல் அடைபடுகிறது. நெருப்புப் பிடித்தால் பிள்ளைகள் எந்த வழியாக ஓடுவது? வெளியே விட்டாலோ மழையில் சங்கிலி துருப்பிடிக்கிறது, வெயிலில் டயர் வெடிப்பு விடுகிறது. ஊருலகத்து டயருக்கெல்லாம் பால் வெட்டிக் கொடுப்பவன் வீட்டில் இந்தக் கோலம்! களவு போனால் மறுநாள் நிரைக்கு நடைதான். “அது உன் சொந்தப் பொருள்” என்கிறது நிர்வாகம். சொந்தப் பொருள்தான், ஐயா. அதில் ஏறி வருவது யாருடைய வேலைக்கு?

லயத்துக் கோடியில் நான்கு தூண், தகரக் கூரை, தரையில் பதித்த இரும்புக் குழாய்: நாம் கேட்பது இவ்வளவே. குழாய் அவசியம். சக்கரத்தை மட்டும் பூட்டினால், சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு மிச்சத்தைத் தூக்கிப் போகிறான் கள்ளன். சட்டத்தையும் சேர்த்துக் குழாயோடு பூட்ட வேண்டும்.

கொட்டகை எழும்பும்வரை அஞ்சடியிலிருந்து ஒரு சைக்கிளும் நகராது.