உங்கள் ஆதரவு வேண்டாம், டிக்கெட் வாங்குங்கள்

"தமிழ்ல இண்டி மியூசிக் இன்னும் வளரலை பாஸ்." இந்த வாக்கியத்தைக் கேட்காமல் எந்த இலக்கிய வாட்ஸாப் குழுவிலும் ஒரு மாதம் இருந்துவிட முடியாது. சொல்பவர் பெரும்பாலும் நல்ல ரசிகர்தான். யூடியூபில் புதிதாக ஒரு பாட்டு வந்தால் அன்றிரவே லிங்க் அனுப்புவார், கூடவே மூன்று நெருப்பு எமோஜி. 'கடைசியா எப்போ காசு குடுத்து ஒரு பேண்டை நேர்ல கேட்டீங்க?' என்றால் மட்டும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். டிராஃபிக், மழை, மறுநாள் காலை மீட்டிங்.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் பாட்டுக்குப் பஞ்சமில்லை, பாடுகிறவர்களுக்கும் பஞ்சமில்லை. நூறு பேர் உட்காரும் ஓர் அறைக்கும், காசு கொடுத்து அங்கே வந்து உட்காரும் அந்த நூறு பேருக்கும்தான் பஞ்சம்.

இண்டி என்று நான் சொல்வது படத்துக்காகப் போடப்படாத பாட்டை. 'தி எஃப்16ஸ்' ஆங்கிலத்தில் பாடும் சென்னைக் குழு. கபேர் வாசுகியும் டென்மாவும் சேர்ந்து நடத்திய 'குரங்கன்' தமிழில் பாடியது. 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் பறையையும் ராப்பையும் ராக்கையும் ஒரே மேடையில் வைத்தது. ஓசையில் மூன்றும் மூன்று திசை. ஒரு ஹீரோ வாயசைக்க வேண்டும் என்பதற்காக இவர்கள் மெட்டுப் போடவில்லை என்பது ஒன்றுதான் பொது.

'தெரியாத பாட்டுக்கு நம்மாளுங்க வரமாட்டாங்க' என்பார்கள். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவின் முதல் நிகழ்ச்சி நடந்தது. 19 பேர் மேடையில். வந்திருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது புதுப்பாட்டு. ஆனாலும் கூட்டம் நின்று கேட்டது, ஆடியது. இடஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டுக்கறியைப் பற்றியும் ஒரு பாட்டு நேரடியாகப் பேசினால் எப்படி இருக்கும் என்று அந்த மைதானம் தெரிந்துகொண்டது. சினிமாப் பாட்டுக்குச் சிச்சுவேஷன் வேண்டும், ஹீரோவுக்குப் பொருந்த வேண்டும், சென்சாரைத் தாண்ட வேண்டும். இந்த மூன்றையும் கேட்காத பாட்டு ஒரு மொழிக்குத் தேவையா இல்லையா? தேவை என்றால் அதன் செலவை யார் ஏற்பது? கீழ்ப்பாக்கத்தில் பின்னால் நிற்க பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் இருந்தது. எல்லாக் குழுவுக்கும் ஒரு இரஞ்சித் கிடைக்கமாட்டார்.

சரி, அறை ஏன் இல்லை? இதற்குப் பதில் ரசனையில் இல்லை, சாராயத்தில் இருக்கிறது. பெங்களூருவில் ஒரு குழு பப்பில் வாசித்தால் அந்தச் சம்பளத்தைப் பெரும்பாலும் பீர்தான் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக்கிடம். அதைத் தாண்டி மது பரிமாறுவது உரிமம் பெற்ற ஹோட்டல்களும் கிளப்புகளும்தான். தெருமுனையில் ஒருவர் சின்னதாக ஒரு பப் திறந்து வெள்ளிக்கிழமைதோறும் பேண்டைக் கூப்பிட இங்கே வழியில்லை. மிச்சம் இருப்பது மூன்று இடங்கள்: சாப்பிட வந்தவர்கள் முதுகைக் காட்டி உட்காரும் நட்சத்திர ஹோட்டல், மார்கழிக் கச்சேரியை மனதில் வைத்துக் கட்டிய சபா, நாற்பது நாற்காலி போட்ட காஃபி கடை.

பப் திறக்கச் சொல்லி நான் மனு கொடுக்கவில்லை. பீர் வாடகை கட்டும் இடத்தில் பாட்டு சைடு டிஷ்தான். பெங்களூரு இந்திராநகரில் இசைக்கென்றே பேர் வாங்கிய 'தி ஹம்மிங் ட்ரீ'கூட 2019இல் மூடப்பட்டது. பீரை நம்பவும் முடியாது, இங்கே பீரும் கிடையாது என்றால், மிச்சம் ஒரே வழி. கேட்க வருகிறவர் கொடுக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம், எக்செல் நமக்குப் புதிதில்லையே. டிக்கெட் 300 ரூபாய், 120 பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 36,000 ரூபாய். ஹால், சவுண்ட், போக்குவரத்துக்குப் பாதி போனால் மீதி 18,000. நான்கு பேர் கொண்ட குழுவில் ஆளுக்கு 4,500. ஒரு மாத ஒத்திகைக்கு அது கூலியே ஆகாது. ஆனாலும் அடுத்த மாதம் இன்னொரு நிகழ்ச்சி வைக்கலாம் என்ற தைரியம் வரும். 120க்குப் பதில் 40 பேர் வந்தால் வசூல் 12,000. ஹால் செலவுக்கே போதாது, டிரம்மர் கைக்காசு போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். இரண்டு மாதம் கழித்து டிரம்ஸை விற்றுவிட்டு எங்களைப் போல ஏதாவது ஒரு ஐடி பார்க்கில் ஐடி கார்டு மாட்டிக்கொள்வார். நடுவில் வராமல் போன 80 பேர் யார்? லிங்க் அனுப்பிய நாம்தான்.

'ஸ்ட்ரீம் பண்றோமே, அது ஆதரவு இல்லையா?' இல்லை. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1,000 முறையாவது ஓடியிருக்காவிட்டால் அதற்கு ராயல்டி கிடையாது. புதுக்குழுவின் முதல் பாட்டை நீங்கள் பத்து முறை கேட்டாலும் அந்தக் கோட்டைத் தாண்டும்வரை அவர்கள் கைக்கு ஒரு பைசா வராது. தாண்டியவர்கள் கதையையும் பாருங்கள். 2021இல் உலகமே பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி'யால் தனக்கு வருமானமே வரவில்லை என்று 2024இல் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு பெரிய பாட்டுக்கே அந்தக் கதி என்றால், நம் எமோஜி எந்த மூலைக்கு?

அப்படியே நிகழ்ச்சிக்கு வந்தாலும் நாம் நடந்துகொள்ளும் லட்சணம் ஒன்று இருக்கிறது. முதலில், "மச்சி, பாஸ் இருக்கா?" நண்பனின் பேண்ட் என்பதால் இலவசமாகக் கேட்கும் உரிமை நமக்கு எப்படி வந்தது? நண்பன் என்றால் முதல் டிக்கெட் அல்லவா நாம் எடுக்க வேண்டும்? நண்பன் நாவல் போட்டால் விலை கொடுத்து வாங்கி, கையெழுத்தும் வாங்கி, ஃபோட்டோவும் போடுகிறோம். அடுத்தது, நேயர் விருப்பம். ஒரு காஃபி கடையில் முப்பது பேர் நடுவே ஒரு பெண் தான் எழுதிய பாட்டைக் கிட்டாரோடு பாடி முடித்ததும், பின்வரிசையிலிருந்து ஒருவர், "சூப்பர், இப்போ ஒரு ராஜா சார் பாட்டு!" என்றார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பாடினார். அன்று அவர் பெற்ற பெரிய கைதட்டல் அதற்குத்தான். ராஜா சார் பாட்டு வேண்டுமென்றால் அருமையான மெல்லிசைக் குழுக்கள் ஊரில் இருக்கின்றன. சொந்தப் பாட்டு பாட வந்தவரை ஜூக்பாக்ஸ் ஆக்காதீர்கள்.

காசில்லாதவன் என்ன செய்வான் என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் 2015இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா போன்றவை முக்கியம். கட்டணமின்றி, கடற்கரையில், யாரும் வந்து கேட்கலாம். கல்லூரி மாணவருக்குச் சலுகை டிக்கெட் வையுங்கள் என்று குழுக்களிடம் நானே சொல்வேன். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பாதிப்பேர் மாதாமாதம் மூன்று ஓடிடி சந்தாவும் வாரம் நான்கு ஸ்விக்கியும் போடுகிறவர்கள். 2023 செப்டம்பரில் ஈசிஆரில் நடந்த ரஹ்மான் நிகழ்ச்சிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கியும் உள்ளே போக முடியாமல் திரும்பியவர்கள் எத்தனை பேர். இந்த ஊரிடம் காசு இருக்கிறது. தெரிந்த பெயருக்கு மட்டும் எடுக்கிறோம்.

இன்னொன்றையும் நிறுத்துங்கள். ஒரு சுயாதீனக் கலைஞர் படத்துக்கு எழுதினாலோ இசையமைத்தாலோ உடனே 'விலைபோயிட்டாரு' என்று பதிவு போடுவது. சினிமா அவருக்குச் சம்பளம் கொடுக்கிறது, நாம் லைக் கொடுக்கிறோம். வீட்டு ஓனர் லைக்கை வாடகையாக வாங்குவதில்லை. அவர் போனதில் நமக்கு வருத்தம் இருந்தால், அவர் இங்கே இருந்தபோது நாம் எத்தனை முறை போனோம் என்று எண்ணிவிட்டு வருத்தப்படலாம்.

இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்கிறது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. ஆகவே மொட்டைமாடி, மைதானம் நிகழ்ச்சியெல்லாம் பத்துக்குள் முடிந்தாக வேண்டும், மறுநாள் மீட்டிங் என்ற சாக்கும் செல்லாது. 500 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டியும் இல்லை. அரசாங்கமே விட்டுக்கொடுத்த இடத்தில் நாம் முரண்டு பிடிக்கிறோம்.

மாதத்துக்கு ஒரு நிகழ்ச்சி போதும். பாஸ் கேட்காதீர்கள். ஃபோனை ஒரு பாட்டுக்கு எடுங்கள், மீதிக்குப் பையில் வையுங்கள். பாட்டு பிடிக்கவில்லையா, வெளியே வந்து தாராளமாகத் திட்டுங்கள். காசு கொடுத்துக் கேட்டவரின் திட்டு எந்தக் குழுவுக்கும் உபயோகம்தான். டிக்கெட்டை மட்டும் இரண்டாக எடுங்கள். 'இண்டி இன்னும் வளரலை பாஸ்' என்று சொன்னாரே, இரண்டாவது டிக்கெட் அவருக்கு. 300 ரூபாயை மறக்காமல் அவரிடம் வாங்கிவிடுங்கள்.