இலை இனிக்கும், விலை இனிக்குமா?



"கரும்பை விடுங்க, சீனித்துளசி போடுங்க. சர்க்கரைக்குப் பதில் இனிமே அதுதான்" என்று சொல்லி நாற்று விற்க வருகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். "காய்ந்த இலையை என்ன விலைக்கு எடுப்பீங்க? அதைக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?" இதற்குப் பதில் வராத வரையில் நம் நிலத்தில் நாற்று இறங்கக் கூடாது என்பதே நமது சங்கத்தின் கருத்து.

சீனித்துளசி, அதாவது ஸ்டீவியா, மோசமான செடி என்று நாம் சொல்லவில்லை. பராகுவே நாட்டுக் குவாரனி பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக இனிப்புக்குப் போட்டுக் குடித்த இலை அது. ஜப்பானில் 1970-களிலேயே தொழிலாக வந்துவிட்டது. நம்மூர்க்காரர்கள் பலர் குடியேறியிருக்கும் பிரான்சு 2009-லும், ஐரோப்பிய ஒன்றியம் 2011-லும் அனுமதித்தன. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் அனுமதி கொடுத்தது. இலையிலிருந்து பிரித்தெடுக்கும் சாரம் சர்க்கரையைவிட 200 முதல் 300 மடங்கு இனிக்கும்; ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றாது. ஆனால், உடம்பு இளைக்க இந்த மாதிரி மாற்று இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னதை நாற்று வியாபாரி சொல்ல மாட்டார்.

செடி நல்ல செடிதான். விலைக்கு யார் பொறுப்பு?

கரும்பைப் பாருங்கள். மத்திய அரசு வருஷா வருஷம் விலை அறிவிக்கிறது. 2025-26 பருவத்துக்கு 10.25 சதவீதம் பிழிதிறன் உள்ள கரும்புக்கு டன்னுக்கு 3,550 ரூபாய். கரும்பு போய்ச் சேர்ந்த 14 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் 15 சதவீதம் வட்டி என்று 1966-ம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. இவ்வளவு சட்டம் இருந்தும் நிலுவைக்காக நாம் எத்தனை நாள் கொடி பிடித்து ரோட்டில் உட்கார்ந்தோம்! சீனித்துளசிக்கு அரசு விலை கிடையாது. 14 நாள் கெடு கிடையாது. வட்டி கிடையாது. வேலி போட்ட வயலிலேயே மாடு மேய்ந்துவிட்டது. வேலியே இல்லாத வயல் என்ன ஆகும்?

இன்னொரு கணக்கும் போடுவோம். இந்தச் செடிக்கு விதை சரியாக முளைக்காது. தண்டு வெட்டி வளர்த்த நாற்றைத்தான் விலைக்கு வாங்க வேண்டும். ஏக்கருக்கு 30,000 நாற்றுக்குக் குறையாமல் பிடிக்கும். நாற்றுக்கு ஒரு ரூபாய் கூட்டி வைத்தாலே 30,000 ரூபாய் விற்கிறவர் பையில். நமக்கு முதல் இலை வருவதற்கு முன்பே அவர் லாபம் பார்த்துவிட்டார். பிறகு இலையை எடுக்க அவருக்கு என்ன அவசரம்?

மண்ணையும் மழையையும் யோசிக்க வேண்டாமா? வேரில் தண்ணீர் நின்றால் சீனித்துளசி அழுகிப்போகும். பாகூர் பக்கத்துக் களிமண் நஞ்சைக்கும் இதற்கும் ஒத்துவராது. வடிகால் உள்ள மேட்டு நிலம் வேண்டும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படி ஒரு மழைக்கு எந்த நாற்று நிற்கும்?

சந்தையும் நம் கையில் இல்லை. உலகத்தில் விற்கிற ஸ்டீவியாவில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது. அமெரிக்காவில் இலையே இல்லாமல், ஈஸ்டை நொதிக்க வைத்து அதே இனிப்பை எடுக்கும் தொழிற்சாலை 2019-ல் திறந்தாகிவிட்டது. செடியை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்த குவாரனி மக்களே எங்களுக்குப் பங்கு எங்கே என்று கேட்க வேண்டிய நிலை. நமக்குத் தானாக வந்துவிடுமா? 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி என்ன ஆனது என்று ஊரே பார்த்தது. அதிலும் "வளர்த்துக் கொடுங்க, நாங்களே எடுத்துக்கிறோம்" என்றுதான் சொன்னார்கள்.

ஒப்பந்தத் தகராறில் விவசாயி சிவில் கோர்ட்டுக்கே போக முடியாது என்று 2020-ல் மத்திய அரசு சட்டம் போட்டது. டெல்லி எல்லையில் விவசாயிகள் ஒரு வருஷம் வெயிலிலும் பனியிலும் கிடந்து 2021-ல் அதைத் திரும்பப் பெற வைத்தார்கள். சட்டத்தில் தடுத்ததை வாய்ப்பேச்சில் நாமே கூப்பிட்டு உள்ளே விடலாமா?

ஆகவே புதுச்சேரி அரசை நாம் கேட்பது:

1. குரும்பாப்பேட்டில் உள்ள காமராசர் வேளாண் அறிவியல் நிலையம் நம் மண்ணில், ஒரு மழைக்காலம் தாண்டி, சீனித்துளசியைப் பயிர் செய்து பார்த்து வரவு செலவை வெளியிட வேண்டும்.

2. நாற்று விற்கும் கம்பெனியே இலையை வாங்கும் விலையைத் தமிழில் எழுதி, வேளாண் துறையில் பதிவு செய்ய வேண்டும்.

3. முன்பணத்தை அரசிடம் கட்டி வைத்த பிறகே நாற்று விற்க விட வேண்டும்.

4. கரும்புக்கு உள்ளது போல 14 நாள் கெடுவும் 15 சதவீத வட்டியும் இதற்கும் வேண்டும்.

தோழர்களே! ஆசைப்பட்டால் ஐந்து சென்ட், பத்து சென்டில் போட்டுப் பாருங்கள், தப்பில்லை. நகையை அடகு வைத்து ஏக்கர் கணக்கில் இறங்காதீர்கள். ஒப்பந்தத் தாள் வந்தால் தனியாகக் கையெழுத்துப் போடாமல் சங்கத்துக்கு எடுத்து வாருங்கள். உட்கார்ந்து, படித்து, சேர்ந்து முடிவு எடுப்போம்.

விலையை எழுதிக் கொடு! பிறகு நாற்றைக் கொடு!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

– செயலாளர், விவசாயிகள் சங்கம், புதுச்சேரி