ஏரியில் சிக்கும் முரட்டு மீன்... எங்கிருந்து வந்துச்சு?

உடம்பெல்லாம் கவசம் மாதிரி தகடு, அடிப்பக்கம் உறிஞ்சும் வாய். தமிழ்நாட்டு ஏரிகளில் வலைக்கு வரும் இந்த மீனைப் பார்த்துப் பலரும் மிரள்கிறார்கள். மர்மம் ஒன்றுமில்லை. மீன்தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கிடக்குமே, அதே 'டேங்க் கிளீனர்'தான்! சொந்த ஊர் தென் அமெரிக்கா.

வாங்கும்போது விரல் நீளம். வளர்ந்தால் ஒன்றரை அடி. தொட்டி பத்தாது, கொல்லவும் மனசு வராது. ஏரியில் விட்டுவிடுகிறார்கள். சிக்கலே அங்கேதான். இதனால் வயிற்றின் வழியாகவும் காற்றைச் சுவாசிக்க முடியும். அதனால் சாக்கடை கலந்த தண்ணீரிலும் பிழைக்கும், கரையில் போட்டாலும் பல மணி நேரம் சாகாது. கரையைக் குடைந்து வளைக்குள் முட்டையிடும். பாசியை மேய்ந்து, நம்ம ஊர் மீன்களின் இரைக்குப் போட்டியாகும். மீனவருக்கோ இரட்டை நஷ்டம். முள் பட்டு வலை கிழியும், பிடித்ததை வாங்க ஆளிருக்காது. (அமேசான் பக்கம் இதைச் சாப்பிடுகிறார்கள் என்பது வேறு கதை.)

வெள்ளத்தில் ஏரிகள் நிரம்பி வழியும்போது இதுவும் அடுத்த ஏரிக்குப் போய்விடும். ஆனால் பழியை மழை மேல் மட்டும் போட முடியாது. 2023 மே மாதம் ஸ்ரீநகர் தால் ஏரியில் முதலை மூஞ்சியோடு சிக்கிய 'அலிகேட்டர் கார்', வட அமெரிக்க மீன். அவ்வளவு தூரம் அது நீந்தியா வந்திருக்கும்?

வலையில் வந்தால் திரும்பத் தண்ணீரில் விடாதீங்க. வளர்க்க முடியலைன்னா, வாங்கின கடையிலேயே கேட்டுப் பாருங்க.