மிதக்கிற கல்லா, மூழ்குற கல்லா?



போன வாரம் எங்க வகுப்பில் ஒரே கூட்டம். ராமேசுவரம் போய் வந்த தோழி ஒருத்தி மிதக்கும் கல் வாங்கி வந்திருந்தாள். வாளித் தண்ணியில் போட்டால் தக்கை மாதிரி மிதந்தது! நான் கையை நீட்டினேன். "ஏட்டி, தொடாத, சாமி கல்லு!" என்று தள்ளிவிட்டாள். அதே நேரம், சமூக அறிவியல் சார் அஜந்தா போனபோது வழியில் எடுத்து வந்த கருப்புக் கல் அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. அதை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கலை. அந்தக் கருப்புக் கல்லுக்காகத்தான் எழுதுகிறேன்.

அதன் பெயர் பசால்ட். மிதக்கும் எரிமலைக் கல் என்று புத்தகத்தில் படிப்பது நுரைக்கல், அதாவது பியூமிஸ். இரண்டுமே எரிமலைக் குழம்பு ஆறிப் பிறந்தவை. அப்புறம் ஏன் ஒன்று மூழ்குது, ஒன்று மிதக்குது? பசால்ட் குழம்பில் சிலிக்கா பாதி அளவுதான். அதனால் கஞ்சி மாதிரி ஓடும், உள்ளே இருக்கும் வாயு சுலபமாக வெளியேறிவிடும். நுரைக்கல்லின் குழம்பில் பெரும்பாலும் சிலிக்கா அதிகம், களி மாதிரி இறுகியிருக்கும். வாயுவுக்கு வழி கிடைக்காமல், குலுக்கித் திறந்த சோடா மாதிரி வெடிக்கும். அந்த நுரை அப்படியே உறைந்தால் நுரைக்கல். அது மிதப்பது உள்ளே அடைபட்ட காற்றால்தான்! 1883-ல் இந்தோனேசியாவில் கிரகடோவா வெடித்தபோது இந்தக் கற்கள் கூட்டங்கூட்டமாக மிதந்து ஆப்பிரிக்கக் கரை வரை போயின. சும்மா சொல்லக்கூடாது, அதுவும் கெட்டிக்காரக் கல்தான்.

ஆனாலும் என் ஓட்டு பசால்ட்டுக்கே. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த அந்தக் குழம்பு, தக்காணத்தில் இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கி.மீ. படர்ந்து கிடக்கிறது. எல்லோரா கைலாசநாதர் கோயிலை மேலிருந்து கீழாகக் குடைந்தது இந்தக் கல்லில்தான். பெருங்கடல்களின் அடித்தளமே பெரும்பாலும் பசால்ட்தான். நுரைக்கல்லை வைத்துக் குதிகால் தேய்க்கலாம், கோயில் குடைய முடியுமா? (நம்ம வீட்டு அம்மியும் கருப்புதானே என்று கேட்காதீங்க. அது பூமிக்குள்ளே ஆழத்தில் உருவான கல்.)

சரி, தோழியின் கல் நிஜமாகவே நுரைக்கல்லா? எனக்குச் சந்தேகம். அவளைக் கெஞ்சி, ஓரத்தில் கொஞ்சம் சுரண்டி, அந்தத் தூளில் எலுமிச்சைச் சாறு விட்டோம். பொசுபொசுவென்று பொங்கியது! நுரைக்கல் அப்படிப் பொங்காது. சுண்ணாம்புச் சத்து இருந்தால்தான் பொங்கும். அதாவது அது எரிமலைக் கல்லே இல்லை, பவளம்! காய்ந்த பவளத்திலும் துளைகளில் காற்று இருந்தால் மிதக்கும்.

நம்ம மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டித்தான் தூத்துக்குடி பக்கத்து விலாங்குச்சல்லித் தீவு தண்ணிக்குள்ளே போயிருக்கிறது. இப்போது பவளத்தை எடுப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். சாமி பேரைச் சொல்லி ஒரு கல்லை நீட்டினால், இது எங்கே எடுத்தது என்று கேட்டால் என்ன தப்பு? சாமி கோவிக்காது. விற்கிறவர்தான் கோவிப்பார்!

தோழி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே அந்தக் கல்லை பசால்ட் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். 'மிதக்கும் கல்' என்ற சீட்டைக் கிழித்துவிட்டு, புதுச் சீட்டில் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

- ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி