பொத்தானை அழுத்தினால் பாடும் பொம்மை போதுமா?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும், 'என்ன வாங்கித் தரட்டும்?' என்று அப்பா கேட்டால், சைக்கிள், கிரிக்கெட் மட்டை என்று சொல்கிற குட்டீஸ் நிறையப் பேர். 'எனக்கு எலக்ட்ரானிக்ஸ் கிட் வேண்டும்' என்று கேட்கிறவர்களும் இப்போது அதிகமாகி விட்டார்கள். சபாஷ்! உங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

கடைக்குப் போனதும் தலை சுற்றும். பெட்டி மேல் ரோபோ படம் போட்டிருக்கும். 'நூறு சோதனைகள்', 'நாளைய விஞ்ஞானி' என்றெல்லாம் எழுதியிருக்கும். பெட்டி பெரிது; விலை அதைவிடப் பெரிது! வீட்டுக்கு வந்து திறந்தால், பேட்டரி போட ஒரு இடம், ஒரு பொத்தான். அழுத்தினால் விளக்கு மின்னும், பாட்டுப் பாடும், கையை ஆட்டும். முதல் நாள் வீடே அதிரும். மூன்றாம் நாள் பீரோவுக்கு அடியில் கிடக்கும்.

'இவ்வளவு விலை கொடுத்து வாங்கினேன், அதற்குள் அலுத்து விட்டதா?' என்று திட்டு வேறு விழும். உங்கள் மேல் தப்பே இல்லை. அந்தப் பொம்மையில் நீங்கள் செய்வதற்கு எதுவும் இல்லை. எல்லாவற்றையும் அதுவே செய்து விடுகிறது. பிறகு அலுக்காமல் என்ன செய்யும்?

என் கட்சி இதுதான். நல்ல எலக்ட்ரானிக்ஸ் பொம்மை என்றால், அது உங்கள் கையில் அவ்வப்போது வேலை செய்யாமல் போக வேண்டும்! ஏன் வேலை செய்யவில்லை என்று நீங்களே தேடிக் கண்டுபிடிக்க முடிய வேண்டும். சரி செய்து முடித்த பிறகு, மொத்தத்தையும் பிரித்துப் போட்டு வேறொன்று செய்ய முடிய வேண்டும். இந்த மூன்றும் இல்லாவிட்டால், பெட்டி மேல் என்ன எழுதியிருந்தாலும் அது வெறும் கிலுகிலுப்பைதான்.

அதனால் கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'தப்பாக இணைத்தால் என்ன ஆகும் அண்ணா?' 'தப்பாக இணைக்கவே முடியாதும்மா' என்று அவர் பெருமையாகச் சொன்னால், பெட்டியைத் திருப்பிக் கொடுத்து விடுங்கள். 'எல்.இ.டி. எரியாது, காலைத் திருப்பிப் போட்டால் எரியும்' என்று சொன்னால், அது உங்களுக்கான கிட்.

உதாரணத்துக்குப் பிரெட்போர்டை எடுத்துக் கொள்ளுங்கள். சீப்புச் சீப்பாக ஓட்டைகள் போட்ட வெள்ளைப் பலகை. நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்தின் இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து ஓட்டைகள் வரிசையாக இருக்கும். ஒரு வரிசையில் உள்ள ஐந்து ஓட்டைகளையும் உள்ளே ஒரே உலோகப் பட்டை இணைத்திருக்கும். கம்பியைச் செருகினால் இணைப்பு. பிடுங்கினால் இணைப்பு போச்சு. ஈயம் வைத்துப் பற்ற வைக்கிற வேலையே இல்லை.

இதில் ஒரு சிவப்பு எல்.இ.டி.யை எரிய வைக்கலாமா? 9 வோல்ட் பேட்டரியில் அப்படியே இணைத்தால், கண் மூடித் திறப்பதற்குள் எல்.இ.டி. காலியாகி விடலாம். ஏன்? சிவப்பு எல்.இ.டி.க்குச் சுமார் 2 வோல்ட் போதும். மீதி 7 வோல்ட்டைத் தாங்க நடுவில் ஒரு காவல்காரர் வேண்டும். அவர்தான் ரெசிஸ்டர், உங்கள் பாடப் புத்தகத்தில் வருகிற மின்தடை. 470 ஓம் ரெசிஸ்டர் போட்டால், 7 வகுத்தல் 470... சுமார் 0.015 ஆம்பியர், அதாவது 15 மில்லி ஆம்பியர் பாயும். எல்.இ.டி.க்கு அது அளவான சாப்பாடு. மஞ்சள், ஊதா, பழுப்பு என்று மூன்று கோடுகள் வரிசையாகப் போட்ட ரெசிஸ்டரைத் தேடினால், அதுதான் 470 ஓம். ஓம் விதியைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்வதற்கும், ஒரு எல்.இ.டி.யின் உயிரைக் காப்பாற்றப் பயன்படுத்துவதற்கும் எவ்வளவு வித்தியாசம் பார்த்தீர்களா!

அடுத்தது, இருட்டினால் தானே எரிகிற விளக்கு. இதற்குக் கூடுதலாக ஒரு எல்.டி.ஆர்., ஒரு பி.சி. 547 டிரான்சிஸ்டர், ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வேண்டும். எல்.டி.ஆர். ஒரு வேடிக்கையான ஆசாமி. வெளிச்சம் பட்டால் அதன் மின்தடை குறையும். இருட்டில் பல மடங்கு கூடி விடும். பேட்டரியின் பிளஸ்சிலிருந்து 100 கிலோ ஓம் வழியாக டிரான்சிஸ்டரின் நடுக்காலுக்கு ஓர் இணைப்பு. அதே நடுக்காலிலிருந்து எல்.டி.ஆர். வழியாக மைனசுக்கு ஓர் இணைப்பு. டிரான்சிஸ்டரின் தட்டையான முகம் உங்களைப் பார்த்தபடி, கால்கள் கீழே இருந்தால், இடது கால் கலெக்டர், வலது கால் எமிட்டர். பிளஸ்சிலிருந்து 470 ஓம், அதன் பின் எல்.இ.டி. வந்து கலெக்டரில் சேர வேண்டும். எமிட்டர் மைனசுக்குப் போக வேண்டும். வெளிச்சத்தில் மின்சாரம் எல்.டி.ஆர். வழியாக நழுவிப் போய் விடும். எல்.டி.ஆரைக் கையால் மூடினால் அந்த வழி அடைபட்டு, நடுக்காலுக்குள் நுழையும். டிரான்சிஸ்டர் கதவைத் திறக்கும். விளக்கு எரியும்! சில தெரு விளக்குகள் மாலையில் தானே எரிகின்றனவே, அவற்றிலும் வெளிச்சத்தை உணர்கிற ஒரு பாகம் இருக்கிறது.

முதல் தடவையே எரிந்து விட்டால் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். எரியவில்லையா? அங்கேதான் விளையாட்டே ஆரம்பம். எல்.இ.டி.யின் நீளமான கால் பிளஸ் பக்கம் இருக்கிறதா? அதன் இரண்டு காலையும் ஒரே வரிசை ஓட்டைகளில் செருகி விட்டீர்களா? டிரான்சிஸ்டர் திரும்பியிருக்கிறதா? பேட்டரி செத்து விட்டதா? ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒரே சமயத்தில் நான்கையும் மாற்றினால், எது தப்பு என்று கடைசி வரை தெரியாது. இந்த இடத்தில் அம்மாவோ, சித்தப்பாவோ 'கொடு, நான் பார்க்கிறேன்' என்று கை நீட்டுவார்கள். கொடுக்காதீர்கள்! மரியாதையாக, 'இன்னும் பத்து நிமிஷம்' என்று சொல்லுங்கள். எத்தனையோ கிட்களைக் கெடுத்தது பெரியவர்களின் அவசரம்தான்.

ரிச்சர்ட் ஃபைன்மேன் என்ற அமெரிக்க இயற்பியலாளரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1965-ல் நோபல் பரிசு வாங்கியவர். சிறுவனாக இருந்தபோது அக்கம்பக்கத்து ரேடியோக்களைப் பழுது பார்ப்பாராம். ஒரு வீட்டு ரேடியோ, போட்டவுடன் பயங்கரமாகக் கத்தும். சற்று நேரத்தில் அடங்கி விடும். ஃபைன்மேன் அதைத் தொடாமல் இங்கும் அங்கும் நடந்து கொண்டே யோசித்தார். வீட்டுக்காரருக்கு எரிச்சல். அந்தக் காலத்து ரேடியோவில் வால்வுகள் உண்டு. அவை சூடேறிய பிறகுதான் வேலை செய்யும். வால்வுகள் சூடாகும் வரிசையில்தான் ஏதோ தகராறு என்று ஊகித்தார். அவற்றை இடம் மாற்றிச் செருகினார். சத்தம் நின்றது! நம் கோவை ஜி.டி. நாயுடுவும் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைக் கழற்றிப் பார்த்துக் கற்றுக் கொண்டவர்தான். இரண்டு பேர் கையிலும் பிரிக்க முடிந்த பொருள்கள் கிடைத்தன. இன்றைய பொம்மைகளில் பலவற்றில் ஸ்க்ரூகூடக் கிடையாது. பசை வைத்து ஒட்டி மூடியிருக்கிறார்கள். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

ஏழெட்டு வயதுக்காரர்களுக்குப் பிரெட்போர்டு கொஞ்சம் கஷ்டம். சட்டைப் பட்டன்போல 'டிக் டிக்' என்று மாட்டுகிற சர்க்யூட் கிட் அவர்களுக்குச் சரி. பத்து வயதுக்கு மேல் பிரெட்போர்டு. கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதி ஓட்டுகிற ஆர்டுயினோ, மைக்ரோபிட் போர்டுகள் அதற்கும் பிறகுதான். மைக்ரோபிட்டை 2016-ல் இங்கிலாந்தில் சுமார் பத்து லட்சம் மாணவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். அதற்கு மூடியோ உறையோ கிடையாது. 25 குட்டி விளக்குகள், இரண்டு பொத்தான்கள், சிப் எல்லாம் கண்ணுக்கு நேரே தெரியும். அந்தத் தைரியம் எனக்குப் பிடிக்கும். ஆனால், ஒரு எல்.இ.டி.யைக் கையால் எரிய வைக்காதவர்கள் நேராக ரோபோவுக்குத் தாவ வேண்டாம். அங்கே தப்பு நேர்ந்தால், கம்பியில் தப்பா, புரோகிராமில் தப்பா என்றே பிடிபடாது.

ஒரு விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். அண்ணனுக்கு எலக்ட்ரானிக்ஸ் கிட், தங்கைக்குச் சமையல் செட்! இது யார் போட்ட சட்டம்? தங்கைகளே, விடாதீர்கள். அண்ணன்களே, நீங்களும் பெட்டியைப் பூட்டி வைக்காதீர்கள்.

'எங்கள் வீட்டில் அவ்வளவு பணம் இல்லை' என்கிறீர்களா? பணம் கொட்டிக் கொடுக்க வேண்டியதே இல்லை. அரவிந்த் குப்தா ஐ.ஐ.டி. கான்பூரில் படித்த இன்ஜினீயர். குப்பையில் போகிற பொருட்களை வைத்து அறிவியல் பொம்மைகள் செய்யக் கற்றுக் கொடுத்ததற்காக 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். இந்த மாதிரிப் பொம்மைகளில் ஒன்று, ஒரு பென்சில் செல், இரண்டு ஊக்கு, ஒரு காந்தம், கொஞ்சம் எனாமல் பூசிய செம்புக் கம்பி ஆகியவற்றால் செய்கிற மோட்டார். கம்பியின் ஒரு முனையில் எனாமலை முழுவதும் சுரண்ட வேண்டும். மறு முனையில் பாதிப் பக்கம் மட்டும். இரண்டையும் முழுவதும் சுரண்டினால், சுருள் ஒழுங்காகச் சுற்றாமல் ஆடி நின்று விடும். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். நூறு சோதனைப் பெட்டியில்கூட இவ்வளவு நல்ல கேள்வி இருக்காது.

உங்கள் பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் இருக்கிறதா? ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை மாணவர்கள் கையாலேயே செய்து பார்ப்பதற்காக மத்திய அரசு பணம் கொடுத்து அமைத்த கூடம் அது. சில பள்ளிகளில், பார்வையாளர் வருகிற அன்று மட்டும் திறப்பார்கள். ஆசிரியரிடம் போய், 'வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் எங்களுக்குத் திறந்து விடுங்கள் சார்' என்று பத்துப் பேராகச் சேர்ந்து கேளுங்கள். ஒருவர் கேட்டால் மறந்து விடுவார். பத்துப் பேர் கேட்டால் மறக்க முடியாது.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எல்லாச் சோதனையும் பேட்டரியில்தான். சுவரில் இருக்கிற பிளக் பக்கம் கம்பியோடு போகவே கூடாது. பழைய செல்போன் பேட்டரியைக் குத்துவது, பிரிப்பது கூடாது, தீப்பிடிக்கும். பட்டன் செல்லைத் தம்பிப் பாப்பா விழுங்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக் குழாயைப் பொசுக்கி விடக் கூடும். அப்படி ஆனால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சால்டரிங் இரும்பின் நுனி 300 டிகிரிக்கு மேல் சூடாகும். பெரியவர் பக்கத்தில் இல்லாமல் தொடக் கூடாது. பொம்மையாக விற்கிற கிட் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரி முதல் நம் நாட்டில் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

சென்னைக்காரர்கள் அப்பாவோடு ரிச்சி தெருவுக்குப் போகலாம். மற்ற ஊர்க்காரர்கள் டி.வி., ரேடியோ உதிரிபாகக் கடையில் விசாரியுங்கள். ஒரு பிரெட்போர்டு, 9 வோல்ட் பேட்டரி, அதற்கான கிளிப், இணைப்புக் கம்பிகள், ரெசிஸ்டர்கள், இரண்டு பி.சி. 547, இரண்டு எல்.டி.ஆர்., விலை குறைந்த டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. மல்டிமீட்டரை மட்டும் விட்டு விடாதீர்கள். என்னைக் கேட்டால், ரோபோவைவிட நல்ல பொம்மை அதுதான். எல்.இ.டி. மட்டும் ஒன்றுக்குப் பத்தாக வாங்குங்கள். முதல் வாரத்திலேயே மூன்று போய் விடும்!