நிக்கலுக்கு இறக்கை முளைத்த கதை

பாத்திரக் கடைக்குப் போகும்போது சிலர் கையோடு ஒரு சின்னக் காந்தத்தையும் எடுத்துப்போவார்கள். எவர்சில்வர் டம்ளரில் அது ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் உசத்தி என்பது அவர்கள் கணக்கு. காந்தம் ஒட்டாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம், இரும்போடும் குரோமியத்தோடும் கலந்திருக்கும் நிக்கல். 304 என்ற ரகத்தில் நூற்றுக்குச் சுமார் 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். விலை குறைவான சில ரகங்களில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்க்கிறார்கள். அதிலும் காந்தம் ஒட்டாது. ஆகவே காந்தக் கணக்கை முழுசாக நம்ப முடியாது.

இன்று சமையலறையில் சாதாரணமாகப் புழங்கும் இந்த உலோகம், ஒரு காலத்தில் சுரங்கத் தொழிலாளர்களிடம் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. ஜெர்மனியின் மலைச் சுரங்கங்களில் செந்நிறத்தில் ஒரு தாது கிடைத்தது. பார்த்தால் செம்புத் தாது போலவே இருக்கும். உருக்கினால் ஒரு துளி செம்பு வராது. 'இது குட்டிச்சாத்தான் வேலை' என்று நொந்துபோனவர்கள், அந்தத் தாதுவுக்கு 'குப்பர்நிக்கல்' என்று பெயர் வைத்தார்கள். குப்பர் என்றால் செம்பு. நிக்கல் என்பது குறும்பு செய்யும் சாத்தானின் பெயர். 1751-ல் ஸ்வீடன் நாட்டு ஆக்ஸல் கிரான்ஸ்டெட் அதே வகைத் தாதுவிலிருந்து ஒரு புது உலோகத்தைப் பிரித்தெடுத்தார். சாத்தானின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

பெயருக்கு ஏற்ற குணமும் இருந்தது. 1883-ல் கனடாவில் ரயில் பாதை போடும்போது சட்பரி என்ற இடத்தில் பெரிய தாதுப் படுகை வெளிப்பட்டது. செம்பு என்று நினைத்துத் தோண்டினால், கூடவே நிக்கலும் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. பிரிப்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழி கண்டார்கள். சோடியம் சேர்ந்த உப்போடு திரும்பத் திரும்ப உருக்கினால் செம்பு மேலேயும் நிக்கல் அடியிலேயும் தங்கும். ஆனால் ஒருமுறை செய்தால் போதாது. வேலையும் அதிகம், எரிபொருள் செலவும் அதிகம்.

இந்தச் சிக்கலுக்கு வேறொரு விடை, நிக்கலைத் தேடாத ஒரு மனிதரிடம் வந்து சேர்ந்தது.

கசிந்த வால்வு

லுத்விக் மாண்ட் 1839-ல் ஜெர்மனியில் பிறந்தவர். புகழ்பெற்ற வேதியியல் ஆசிரியர் புன்சனிடம் படித்தவர். பிழைப்பு தேடி இங்கிலாந்து வந்து, ஜான் பிரன்னர் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து 1873-ல் வின்னிங்டன் என்ற ஊரில் சோடா தொழிற்சாலை தொடங்கினார். கண்ணாடிக்கும் சோப்புக்கும் வேண்டிய சோடாவை அம்மோனியாவின் உதவியோடு தயாரிக்கும் முறை அது.

அந்த வேலையில் அம்மோனியம் குளோரைடு என்ற உப்பு மிஞ்சும். அதிலிருந்து குளோரினைப் பிரித்துவிட்டால் சலவைத் தூள் செய்து விற்கலாம், அம்மோனியாவும் திரும்பக் கிடைக்கும் என்று மாண்ட் கணக்குப் போட்டார். உப்பைச் சூடாக்கி ஆவியாக அனுப்பும் அந்தக் கருவியில் நிக்கலால் ஆன வால்வுகளைப் பொருத்தினார். ஆய்வுக்கூடத்தில் அவை நன்றாகவே வேலை செய்தன. தொழிற்சாலையில் பொருத்தியதும் கசியத் தொடங்கின. கழற்றிப் பார்த்தால் கரி போலக் கறுப்பாக ஏதோ படிந்திருந்தது.

வால்வு கெட்டால் புது வால்வு வாங்கிப் போடுவது ஒரு வழி. மாண்ட் வேறு கேள்வி கேட்டார். அங்கே கெடாத வால்வு இங்கே ஏன் கெடுகிறது?

வித்தியாசம் வாயுவில் இருந்தது. குழாய்களைச் சுத்தம் செய்ய ஆய்வுக்கூடத்தில் சுத்தமான கார்பன் டை ஆக்ஸைடைப் பயன்படுத்தினார்கள். தொழிற்சாலையில் சுண்ணாம்புக் காளவாயிலிருந்து வந்த வாயுவைப் பயன்படுத்தினார்கள். அதில் கொஞ்சம் கார்பன் மோனாக்ஸைடும் கலந்திருந்தது. மூடிய அறையில் கரி அடுப்பு எரித்தால் உயிரைக் குடிக்கிறதே, அதே விஷவாயுதான்.

நிறம் மாறிய சுடர்

லண்டனில் மாண்டின் வீட்டோடு சேர்ந்த ஆய்வுக்கூடத்தில் சோதனை தொடங்கியது. கூட இருந்தவர்கள் கார்ல் லாங்கர், ஃப்ரீட்ரிக் குவிங்கே. பொடி நிக்கலை ஒரு கண்ணாடிக் குழாயில் போட்டுச் சூடாக்கி, அதன் மேல் கார்பன் மோனாக்ஸைடைச் செலுத்தினார்கள். மறுமுனையில் வெளியேறும் விஷவாயு அறையில் பரவாமல் இருக்க, அதைக் கொளுத்திவிட்டார்கள். வெளிறிய நீலச் சுடராக அது எரிந்துகொண்டிருந்தது.

சூட்டை நிறுத்திக் குழாயை ஆறவிட்டபோதுதான் அந்த வேடிக்கை நடந்தது. நீலச் சுடர் திடீரென்று மஞ்சளாகப் பிரகாசித்தது. சுடரின் மேல் ஒரு குளிர்ந்த பீங்கான் துண்டைக் காட்டினார்கள். கண்ணாடி போலப் பளபளவென்று ஒரு படலம் ஒட்டியது. சோதித்துப் பார்த்தால் நிக்கல்!

உருக வைக்கவே 1455 டிகிரி சூடு தேவைப்படும் உலோகம், வாயுவோடு வாயுவாகக் குழாயைவிட்டு வெளியே வந்திருந்தது. 1890-ல் மூவரும் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். கனமான உலோகத்துக்கு மாண்ட் இறக்கை கட்டிவிட்டார் என்று விஞ்ஞானி கெல்வின் பாராட்டியதாகச் சொல்வார்கள்.

நடந்தது என்ன? ஒரு பல்லக்கை நான்கு பேர் சுமப்பதை நினைத்துக்கொள்ளலாம். 50, 60 டிகிரிச் சூட்டில் நான்கு கார்பன் மோனாக்ஸைடு மூலக்கூறுகள் ஒரு நிக்கல் அணுவைத் தூக்கிக்கொள்கின்றன. அதற்கு நிக்கல் கார்பனைல் என்று பெயர். 43 டிகிரியில் கொதித்துவிடும் திரவம் அது. கிட்டத்தட்ட 200 டிகிரி சூடான இடத்துக்குப் போனதும் நால்வரும் பல்லக்கை இறக்கிவிட்டு விலகிவிடுவார்கள். சுத்தமான நிக்கல் அங்கே படியும். சுமந்தவர்கள் அடுத்த சவாரிக்குத் திரும்பிவிடுவார்கள்.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அந்த மிதமான சூட்டில் இந்த நால்வர் செம்பைத் தொடுவதில்லை. கோபால்ட்டையும் தொடுவதில்லை. அழுக்குக் கூட்டத்தில் நிக்கலை மட்டும் தேடித் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

வெங்காயம் போல வளரும் உலோகம்

சோதனைக் குழாயில் நடந்ததைத் தொழிற்சாலையில் நடத்துவது லேசான காரியமல்ல. பர்மிங்ஹாம் அருகே ஸ்மெத்விக்கில் முதலில் சிறிய அளவில் செய்து பார்த்தார்கள். 1900-ல் மாண்ட் நிக்கல் கம்பெனி உருவானது. கனடாவின் சட்பரி பகுதியில் சுரங்கமும், வேல்ஸ் நாட்டில் ஸ்வான்சீ துறைமுகத்துக்கு மேலே கிளிடாக் என்ற சிற்றூரில் சுத்திகரிப்பு ஆலையும் அமைந்தன. நல்ல நிலக்கரி, கால்வாய், துறைமுகம், பல தலைமுறைகளாகச் செம்பு உருக்கிப் பழகிய கைகள் என எல்லாம் அங்கே பக்கத்திலேயே கிடைத்தன. 1902-ல் ஆலை ஓடத் தொடங்கியது.

கனடாவில் ஒருமுறை உருக்கிய கட்டி கப்பலில் வரும். அதைப் பொடியாக்கி, வறுத்து, கந்தகத்தை விரட்டுவார்கள். செம்பைக் கந்தக அமிலத்தில் கரைத்து நீக்குவார்கள். மிஞ்சும் நிக்கல் ஆக்ஸைடை ஹைட்ரஜன் கலந்த வாயுவால் உலோகப் பொடியாக்குவார்கள். பிறகு பல்லக்கு சவாரி. ஆவியாக வரும் நிக்கல், சூடான சின்னச் சின்ன நிக்கல் குண்டுமணிகளின் மேல் படியும். மணிகள் சுற்றிச் சுற்றி வர, வெங்காயத்தில் தோலுக்கு மேல் தோல் இருப்பது போல ஒன்றன் மேல் ஒன்றாகப் படலம் சேர்ந்து பருக்கும். ஒரு மணியை வெட்டிப் பார்த்தால் அந்த வளையங்கள் தெரியும். சுத்தம் 99.9 சதவிகிதத்தைத் தாண்டிவிடும்.

இவ்வளவும் இலவசமாகக் கிடைத்துவிடவில்லை. நிக்கல் கார்பனைல், தொழிற்சாலைகளில் புழங்கும் பொருட்களிலேயே மிகக் கொடிய விஷங்களில் ஒன்று. சுவாசித்தவருக்கு முதலில் தலைவலியும் மயக்கமும் வரும். வெளிக்காற்றுக்கு வந்ததும் சரியாகிவிட்டது போல இருக்கும். வீட்டுக்குப் போய்விடுவார். பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள், மூச்சு முட்டத் தொடங்கும். ஆலையின் ஆரம்ப நாட்களிலேயே கசிவால் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அதன் பிறகு குழாய்களின் இணைப்புகளும் காற்றோட்டமும் கண்ணும் கருத்துமாகக் கவனிக்கப்பட்டன.

கேட்கத் தாமதமான கேள்வி

ஆனால் யாரும் கவனிக்காத ஒன்று அதே ஆலையின் இன்னொரு பக்கத்தில் நடந்துகொண்டிருந்தது.

தாதுக் கட்டியைப் பொடியாக்கி வறுக்கும் கூடங்களில் தூசி மண்டிக் கிடந்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் சிலருக்கு, பத்து இருபது ஆண்டுகள் கழித்து மூக்கின் உட்பகுதியில் புற்றுநோய் வந்தது. பொதுவாக மிக மிக அபூர்வமான நோய் அது. 1933-ல் வெளிவந்த பிரிட்டன் தொழிற்சாலை ஆய்வாளரின் ஆண்டறிக்கையில், இந்த ஒரே ஆலையில் பத்துப் பேருக்கு வந்திருப்பதாகப் பதிவானது. நுரையீரல் புற்றுநோயும் கூடவே வந்தது.

முதலில் எல்லோரும் சந்தேகப்பட்டது கார்பனைல் வாயுவை. பெயர் கெட்டது அதுதானே! பிறகு அமிலத்தில் கலந்திருந்த ஆர்சனிக் மேல் பழி விழுந்தது. புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை உலகுக்குக் காட்டியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் டால், 1950-களில் இந்தப் பக்கம் திரும்பினார். அவரும் கூட்டாளிகளும் ஆலையின் பழைய சம்பள ஏடுகளை வைத்து, யார் எப்போது சேர்ந்தார், எப்படி இறந்தார் என்று ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். 1925-க்கு முன் சேர்ந்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணம் நாட்டின் சராசரியைவிடப் பல மடங்கு. மூக்குப் புற்றுநோயோ நூறு மடங்குக்கும் மேல். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு ஆபத்து வெகுவாகக் குறைந்திருந்தது. 1920-களில் முகமூடி வந்தது, வறுக்கும் அடுப்புகள் மாறின, தூசி குறைந்தது என்பதே காரணம். குற்றவாளி பெரும்பாலும் அந்தத் தூசிதான். 1990-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், நிக்கல் சேர்மங்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே வகைப்படுத்தியது.

ஒரு வால்வு கறுத்தபோது 'ஏன்?' என்று உடனே கேட்டார்கள். பணம் நஷ்டமாகிக்கொண்டிருந்தது. மனிதர்களின் மூச்சுக்குழாய் கெட்டபோது அதே கேள்வியைக் கேட்க ஒரு தலைமுறை ஆனது. வால்வைக் கழற்றிப் பார்த்தவர்களிடம் இருந்த அறிவு, வறுக்கும் கூடத்தைப் பார்க்கவும் போதுமானதாகவே இருந்தது. யாரும் அங்கே திரும்பவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு என்ன பயம்?

இதைப் படித்துவிட்டு எவர்சில்வர் பாத்திரத்தைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. அதில் இருக்கும் நிக்கல் இரும்போடும் குரோமியத்தோடும் இறுகிக் கலந்த உலோகம். ஆலைத் தூசியில் இருந்த சேர்மங்களோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வீட்டில் நிக்கல் தரக்கூடிய வழக்கமான தொல்லை தோல் ஒவ்வாமை. மலிவான ஃபேன்சி கம்மல் போட்டதும் காது சிவந்து அரிக்கிறதா, வாட்ச் ஸ்ட்ராப்பின் கொக்கி படும் இடத்தில் தடிப்பு வருகிறதா, நிக்கலாக இருக்க வாய்ப்பு அதிகம். கழற்றி வைத்துவிட்டுத் தோல் மருத்துவரைப் பார்த்தால் போதும்.

இன்று நிக்கல் தொழிலின் மையம் கனடாவையும் வேல்ஸையும் விட்டு இந்தோனேசியாவுக்கு நகர்ந்துவிட்டது. உலகின் சுரங்க நிக்கலில் பாதிக்கு மேல் அங்கிருந்து வருகிறது. கந்தகம் கலந்த கடின பாறை அல்ல அது, வெப்பநாட்டுச் செம்மண் தாது. அதற்கு முறையும் வேறு. ஒன்று, மின் உலையில் உருக்கி எவர்சில்வருக்கு அனுப்புவார்கள். அல்லது கந்தக அமிலத்தோடு சேர்த்து, மூடிய கலத்தில் 250 டிகிரியில் கடும் அழுத்தத்தில் வேகவைத்துக் கரைப்பார்கள். 1959-ல் கியூபாவின் மோவா நகரில் தொடங்கிய முறை இது. மின்சார வண்டிகளின் பேட்டரிக்கு வேண்டிய நிக்கல் இப்போது இப்படித்தான் பெருமளவில் தயாராகிறது. உலை புதிது, கலம் புதிது, வேகம் புதிது. அவற்றுக்குப் பக்கத்தில் நிற்கும் தொழிலாளியின் நுரையீரல் மட்டும் கிளிடாக்கில் இருந்த அதே பழைய நுரையீரல்தான்.

கிளிடாக் ஆலை இன்றும் ஓடுகிறது. கை மாறி இப்போது பிரேசில் நாட்டு வேல் நிறுவனத்திடம் இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதை இன்னும் 'மாண்ட்' என்றே கூப்பிடுகிறார்கள். நூறாண்டு கடந்தும் அங்கே நால்வர் ஒரு பல்லக்கைத் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.