கடல் கடந்த வைத்தியம்

வைத்தியர் ஒரு தேசத்திலும் நோயாளி மற்றொரு தேசத்திலும் இருக்க, கம்பியும் வான்வெளியும் இடைநின்று வைத்தியம் நடத்துகின்ற காலம் வந்துவிட்டது. 2001ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 7ஆம் நாள், நியூயோர்க் நகரிலே அமர்ந்திருந்த பிரெஞ்சுச் சத்திரவைத்தியர் ஜாக் மரெஸ்கோ என்பார், அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால் ஸ்ட்ராஸ்பூர்க் நகர ஆஸ்பத்திரியிற் கிடந்த 68 வயது மூதாட்டியின் பித்தப்பையை இயந்திரக் கரங்களால் அகற்றினார். உலகம் வியந்தது, வியப்புக்குரியதே. ஆனால், அந்த அம்மையாரின் கட்டிலருகே சத்திரவைத்தியர் குழு ஒன்று, தொடர்பு அறுந்தால் அக்கணமே கத்தியைத் தாம் ஏந்துவதற்கு ஆயத்தமாக நின்றது என்பதை வியந்தவர்களிற் பலர் கவனிக்கவில்லை. நாம் கவனிக்க விரும்புவது அந்தக் குழுவையே.

இதை இவ்வாரம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2022ஆம் ஆண்டில் இத்தீவின் திறைசேரி வெறுமையாகி, ஆஸ்பத்திரிகளில் மருந்துக்கும் தட்டுப்பாடு வந்தபோது, நம் வைத்தியர்களிற் பலர் விமானம் ஏறினர். பிரித்தானியாவும் அவுஸ்திரேலியாவும் வளைகுடா நாடுகளும் அவர்களை வரவேற்றுக்கொண்டன. பொதுமக்கள் பணத்திற் படித்தவர்கள் போனது சரியா பிழையா என்ற வழக்கை நாம் இங்கு விசாரிக்கப் போவதில்லை. குடும்பம் உள்ளவர் குடும்பத்தைப் பார்த்தார். ஆனால், அவர்கள் விட்டுச் சென்ற நாற்காலிகளைப் பற்றி ஒரு புதுப்பேச்சு படித்தவர் மத்தியிலே கிளம்பியுள்ளது. "போனவர் அங்கேயே இருக்கட்டும், அங்கிருந்தபடியே திரையிலே தோன்றி இங்குள்ள நோயாளியைப் பார்க்கட்டும், சென்னையிலும் லண்டனிலும் டொரொன்றோவிலும் நம்மவர் இல்லையா?" என்கின்றனர். சொல்பவர்களின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. அந்த நல்லெண்ணம் எங்கே போய் முடியும் என்பதே நமது கவலை.

கடல் கடந்த ஆலோசனையால் நன்மை விளையும் என்பதற்குச் சான்றுகள் உள. 1998இல் இங்கிலாந்தில் சுவின்ஃபென் பிரபுவும் அவர் மனைவியாரும் ஒரு தரும நிதியத்தை நிறுவினர். மறு ஆண்டில் அதன் முதல் தொடர்பு, வங்காளதேசத்தில் டாக்காவை அடுத்த சாவார் என்னுமிடத்தில், முதுகெலும்பு பழுதுபட்டு முடங்கியோரைப் பராமரிக்கும் ஆஸ்பத்திரியுடன் ஏற்பட்டது. அவர்கள் கொடுத்தது என்ன? இலக்கமுறைப் புகைப்படக் கருவி ஒன்று, அதை நிறுத்தி வைக்க ஒரு முக்காலி, மின்னஞ்சல் தொடர்பு, இவ்வளவே. அங்குள்ள வைத்தியர் நோயாளியைத் தொட்டுப் பார்த்து, படம் எடுத்து, தமது ஐயத்தை எழுதி அனுப்புவார். தூரதேசத்து நிபுணர் ஊதியம் பெறாமல் மறுமொழி எழுதுவார். அம்மறுமொழியை ஏற்பதும் விடுவதும் அங்குள்ள வைத்தியரின் பொறுப்பு. கேட்டவரும் வைத்தியர், சொன்னவரும் வைத்தியர். நோயாளி தனியே விடப்படவில்லை.

இதனிலும் பன்மடங்கு பெரிதாக ஒரு முயற்சி ஆபிரிக்காவிலே நடந்தது. இந்தியக் குடியரசுத் தலைவராயிருந்த அப்துல் கலாம் 2004இல் தென்னாபிரிக்கா சென்றபோது ஆபிரிக்கப் பாராளுமன்றத்தின் முன் அந்த யோசனையை வைத்தார். எத்தியோப்பியாவிலே பரீட்சித்துப் பார்த்த பின்னர், 2009 பெப்ரவரியில் திட்டம் முறையாகத் தொடங்கிற்று. செய்மதி வழியாக ஆபிரிக்க நாடுகளின் ஆஸ்பத்திரிகளும் இந்தியாவின் பெரிய ஆஸ்பத்திரிகளும் இணைக்கப்பட்டன. 2019இல் அதன் இடத்துக்கு இணைய வழியிலான வேறொரு திட்டம் வந்தது. செய்தி எழுதியவர்கள் வைத்திய ஆலோசனையைப் பற்றியே பெரிதும் எழுதினர். அதே வழியாக ஆபிரிக்க வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் தொடர்கல்வி போதிக்கப்பட்டது என்பதே நமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. ஆலோசனை அன்றைய நோயாளிக்கு உதவும். போதனை பெற்ற தாதி ஓய்வுபெறும்வரை உதவுவார்.

இதை யாழ்ப்பாணத்தார் பிறர் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1847இல் அமெரிக்க மிசனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் கிறீன் இங்கு வந்து மானிப்பாயிலே வைத்தியம் செய்தார். தாம் மட்டும் நோயாளரைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தால் அவர் பெயர் என்றோ மறந்துபோயிருக்கும். அவர் தமிழைக் கற்றார். மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். நம் இளைஞருக்கு அவ்வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1873இல் அவர் கப்பலேறியபோது அவரிடம் பயின்ற வைத்தியர்கள் குடாநாடெங்கும் இருந்தனர். கடல் கடந்து வரும் உதவியை அளக்க நம்மிடம் உள்ள அளவுகோல் அது.

இனி, வன்னியிலே அறுவடைக்கு இறங்கிய கமக்காரர் ஒருவரைப் புடையன் தீண்டுகின்றது என்று வைத்துக்கொள்வோம். கற்பனையாக வைத்துக்கொள்ள வேண்டியதுமில்லை. வயல் உள்ள ஊரில் இது தெரியாதார் யார்? கிராமத்து ஆஸ்பத்திரியின் திரையிலே உலகத்தின் தலைசிறந்த நிபுணர் தோன்றுகின்றார். "இரத்தம் உறைகின்றதா என்று பாருங்கள்" என்கின்றார். அதற்குக் கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசையாமல் வைத்து, சரித்துப் பார்க்க ஒருவர் வேண்டும். "விஷமுறிவு மருந்தை ஏற்றுங்கள்" என்கின்றார். மருந்து அலமாரியில் இருத்தல் வேண்டும். இந்தியப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு இந்தியாவில் ஆக்கப்பட்ட மருந்தையே நம் ஆஸ்பத்திரிகள் நெடுங்காலமாக நம்பியிருக்கின்றன. அதை ஏற்றும்போது நம் நோயாளரிற் கணிசமானோருக்கு ஒவ்வாமை எழுகின்றது. சிலருக்கு அது உயிராபத்தாகவும் முற்றுகின்றது. அவ்வேளையில் கணமும் தாமதியாமல் அட்ரினலின் ஊசி போடும் கை வேண்டும். சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரம் வேண்டும். அது உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல அம்புலன்ஸ் வண்டி வேண்டும். நிபுணரின் வார்த்தை விலைமதிப்பற்றதே. அதைச் செயலாக்குவதற்குக் கட்டிலருகே வைத்தியரும் தாதியும் இல்லாவிடில், அவர் ஒரு மனிதன் சாவதைத் திரையிலே பார்த்திருக்கும் சாட்சியாகவே முடிவார்.

எக்ஸ்ரேப் படத்தையும் ஸ்கான் படத்தையும் வாசித்தல், கண்ணின் உட்புறப் படத்தைப் பரிசோதித்தல், மனம் நொந்தவரோடு அவர் மொழியிலே பேசுதல் போன்றவற்றைத் தூரத்திலிருந்து செய்யலாம் என்பதை மறுப்பாரில்லை. அவற்றை நாமும் வரவேற்கின்றோம்.

சட்டத்துக்கு வருவோம். தூரதேசத்து வைத்தியர் தவறிழைத்தால் வழக்கு எந்த நாட்டில்? தீர்ப்பு எந்த நாட்டுச் சட்டப்படி? ஐரோப்பிய ஒன்றியம் 2011ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பணிப்புரையிலே இதற்கு நேரடியாக விடை கூறிற்று: தொலைமருத்துவத்தில், வைத்தியர் எந்த நாட்டில் நிலைகொண்டுள்ளாரோ அந்த நாட்டிலேயே வைத்தியம் நடந்ததாகக் கொள்ளப்படும். அங்கே அது பொருந்தும். ஓர் அங்கத்துவ நாட்டின் நீதிமன்றத் தீர்ப்பு மற்ற நாட்டிலும் செல்லும். வைத்தியருக்குப் பொறுப்புக் காப்புறுதியோ அதற்கீடான ஏற்பாடோ இருத்தல் வேண்டும் என்றும் அதே பணிப்புரை விதிக்கின்றது. அந்த ஒரு விதியை மாத்திரம் பெயர்த்தெடுத்து இங்கே நட்டால், முல்லைத்தீவுக் கமக்காரர் லண்டன் நீதிமன்றிலே வழக்காளியாக நிற்கவேண்டி வரும்.

அமெரிக்கா வேறு வழி சென்றது. அங்கே இரவில் எடுக்கும் ஸ்கான் படங்களை, பகற்பொழுதாயிருக்கும் பெங்களூரிலோ சிட்னியிலோ உள்ள வைத்தியர் வாசித்து அனுப்பும் வழக்கம் 20 ஆண்டுகளுக்கு மேற்பட்டது. ஆனால், அவ்வாறு வாசிப்பவர் நோயாளி கிடக்கும் மாநிலத்தின் அனுமதிப்பத்திரம் பெற்றிருத்தல் வேண்டும் என்பதே அங்குள்ள பொதுவிதி. செல்வந்த நாடு தன் குடிகளுக்கு இந்தக் காப்பைச் செய்துகொண்டது. ஏழை நாட்டு நோயாளியை மட்டும், "இலவசமாகக் கிடைப்பதைக் கேள்வி கேளாதே" என்று அடக்குவது எவ்வகை நியாயம்?

மலேசியா 1997இலேயே தொலைமருத்துவச் சட்டம் ஒன்றை இயற்றி, வெளிநாட்டு வைத்தியர் அந்நாட்டு மருத்துவ மன்றத்தின் சான்றிதழ் பெறவேண்டும் என்றும், நோயாளியின் எழுத்துமூலச் சம்மதம் முன்னதாகப் பெறப்படல் வேண்டும் என்றும் விதித்தது. நல்ல சட்டம். அதை நடைமுறைக்குக் கொண்டுவராமலே ஆண்டுகள் பல கழிந்தமைதான் பரிதாபம். இந்தியா 2020 மார்ச் 25ஆம் நாள் வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளோ, இந்திய எல்லைக்கு அப்பாலான ஆலோசனைக்குத் தாம் இடமளிக்கவில்லை என்று வெளிப்படையாகவே கூறின. ஆகவே சென்னை வைத்தியர் ஒருவர் பருத்தித்துறை நோயாளிக்குக் கைப்பேசியிலே மருந்து சொல்லும்போது, அந்நெறிகள் அவரைப் பின்தொடர்ந்து பாக்குநீரிணையைத் தாண்டி வருவதில்லை.

நமது மருத்துவக் கட்டளைச்சட்டம் 1927ஆம் ஆண்டிற்குரியது. பலமுறை திருத்தப்பட்டதாயினும் அதன் அத்திவாரம் பதிவேடுதான். பதிவில் உள்ளவரை விசாரிக்கலாம், பெயரை நீக்கலாம். பதிவிலேயே இல்லாதவரை நீக்குவது எங்ஙனம்? உள்நாட்டு வழக்கே எத்தகையது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1992இல் கொழும்பிலே ஒரு சிறுமி இறந்தாள். நட்டஈடு கோரித் தந்தை தொடுத்த வழக்கு மூன்று மன்றுகள் ஏறி 2001இல் உயர் நீதிமன்றிலே முடிந்தபோது, கவலையீனமே மரணத்தை விளைத்தது என்று நிறுவப்படவில்லை என அவரது கோரிக்கை தள்ளப்பட்டது. தீர்ப்பின் சட்டத்தை நாம் குறைகூறவில்லை. வழக்காளியும் எதிராளியும் சாட்சிகளும் ஒரே நாட்டில் இருந்தபோதே இவ்வளவு காலம் சென்றதென்றால், எதிராளி கடலுக்கு அப்பால் இருக்கும் வழக்கை எந்தக் கமக்காரர் நடத்தப்போகின்றார்?

சம்மதம் என்ற சொல்லும் இங்கே ஆராயத்தக்கது. விளங்காத மொழியில் எழுதிய பத்திரத்தின் கீழ் இட்ட கையொப்பம் சம்மதமாகாது. 1956இன் பின்னர், தமக்கு விளங்காத மொழியில் வந்த கடிதங்களைத் தூக்கிக்கொண்டு கந்தோர் கந்தோராய் அலைந்த மக்களுக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை. இன்று கைப்பேசியிலே ஆங்கில நிபந்தனைகள் பத்துப் பக்கம் ஓடுகின்றன. அடியிலே ஒரு பொத்தான். விரல் பட்டதும் சம்மதம் முடிந்தது என்கின்றனர்.

ஆதலால் நாம் கேட்பது இது. கடல் கடந்த ஆலோசனை எதுவாயினும் இங்கே பதிவுபெற்ற வைத்தியர் ஒருவரின் கை வழியாக நோயாளியை அடைதல் வேண்டும். கட்டணம் வாங்கி நேரே நோயாளியைப் பார்க்கும் வெளிநாட்டு வைத்தியருக்கும் கம்பனிக்கும் தனிப்பதிவேடு ஒன்று வேண்டும். அதில் இடம்பெற விரும்புவோர் இந்நாட்டு நீதிமன்றுகளின் நியாயாதிக்கத்துக்கு எழுத்திலே உடன்பட்டு, காப்புறுதியும் காட்டுதல் வேண்டும். சம்மதப் பத்திரம் தமிழிலும் சிங்களத்திலும் இருத்தல் வேண்டும். ஊதியம் பெறாமல் உதவ முன்வரும் நம் புலம்பெயர்ந்த வைத்தியர்களை வழக்கைக் காட்டிப் பயமுறுத்துவது நமது நோக்கமன்று. அவர்கள் இங்குள்ள வைத்தியருக்கு ஆலோசனை கூறட்டும். அதன்படி நடக்கும் சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியும் அரசாங்கமும் பொறுப்பேற்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, திரை வந்தது என்ற காரணத்தால் எந்த ஆஸ்பத்திரியிலும் ஓர் உத்தியோகமேனும் குறைக்கப்படலாகாது. நெடுந்தீவை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து குறிகட்டுவானுக்குப் படகிலே ஏறக்குறைய ஒரு மணிநேரம். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. திரை உண்மையாகவே உயிர்காக்கக்கூடிய இடம் அது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி அத்தகைய ஆஸ்பத்திரிகள் மாகாணத்துக்கு உரியவை. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையோ மத்திக்கு உரியது. 2018 ஒக்டோபரில் வடமாகாண சபையின் பதவிக்காலம் முடிந்ததும் மாகாணத்தின் நிருவாகம் ஆளுநரின் கைக்குப் போயிற்று. நெடுந்தீவு வைத்தியர் நள்ளிரவில் அழைத்தால் லண்டன் விடையளிப்பதற்கு முன்னர் யாழ்ப்பாணம் விடையளித்தல் வேண்டும். அதற்கு வேண்டியது இரு நிருவாகங்களுக்கிடையே எழுத்திலான ஓர் ஏற்பாடும், இரு முனையிலும் விழித்திருக்கும் ஆட்களுமே.

வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் சுகாதார அமைச்சின் ஒதுக்கீடு குழுநிலைக்கு வரும்போது, நம் பிரதிநிதிகள் இரண்டு கேள்விகளைக் கேட்டல் வேண்டும். வடக்கு, கிழக்கு மாகாணங்களின் ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் வெற்றிடமாயுள்ள வைத்தியர், தாதியர் உத்தியோகங்கள் எத்தனை? வெளிநாட்டிலிருந்து வைத்தியம் செய்பவரை இந்நாட்டு நோயாளி எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் மன்றுக்கு அழைக்கலாம்? அமைச்சர் அளிக்கும் விடை ஹன்சார்ட்டில் ஏறியதும், அதை எழுத்துக்கெழுத்து இப்பத்திரிகையில் வெளியிடுவோம்.